அழாத குரல்

ஜூன் 14

என் வாயாடிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், என் தொண்டையைத் தவிர.

வாரத்துக்கு இரண்டு தடவை போனில் கத்துகிறவள் திடீரென்று கடிதம் போடுகிறாளே என்று பதறாதே. குரல்நாணில் சின்ன முடிச்சு விழுந்திருக்கிறதாம். இருபது நாள் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவுக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இப்போதுதான் நிம்மதியாகப் பேப்பர் படிக்கிறேன் என்று பக்கத்து வீடு வரை சொல்லிக்கொண்டு திரிகிறார். எனக்கு ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதில் நான் கோபமாக ஏதாவது எழுதிக் காட்டினால், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுத்தே தெரியவில்லை என்கிறார்.

முடிச்சு எப்படி வந்தது என்று டாக்டர் கேட்டார். அழுது அழுது வந்தது என்று எழுதிக் காட்டினேன். மனுஷன் அப்பாவைப் பார்த்து ஒரு முறை முறைத்தார் பார், நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். நான் சினிமாவுக்கு டப்பிங் பேசுகிறவள், கதாநாயகிகளுக்காக அழுவதுதான் என் பிழைப்பு என்று அப்பா விளக்கிச் சொல்லித் தப்பித்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின மாதம்தான் ஒரு படம் முடித்துக் கொடுத்தேன். கதை உனக்குச் சொல்லவே வேண்டாம். பணக்கார வீட்டுப் பெண், படித்த திமிர், யாரையும் மதிக்க மாட்டாள். நாயகன் நாலு பேர் முன்னால் கன்னத்தில் ஒன்று விடுகிறான். அங்கேதான் என் வேலை. அடி விழும் சத்தத்தை வேறு ஒருவர் தோலைத் தட்டிச் சேர்த்துவிடுவார். அடிக்குப் பிறகு வரும் மூச்சு என்னுடையது. மற்றவர்கள் அடி விழுந்த உடனே அலறிவிடுவார்கள். நான் மனசுக்குள் ஒன்று, இரண்டு எண்ணிவிட்டு, மூன்றாவதில்தான் விம்முவேன். அந்த இரண்டு எண்ணிக்கையில் தியேட்டரே மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஸ்டுடியோவில் என்னை அழுகாச்சி அக்கா என்று கூப்பிடுவது சும்மா இல்லை. அப்புறம் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த அடி எனக்கு என்னைக்கோ விழுந்திருக்கணும்" என்கிறாள். அதற்கு அடுத்த காட்சி கல்யாணம்.

படம் வந்துவிட்டது. போன வாரம் அப்பாவோடு போய்ப் பார்த்தேன். அந்த வசனத்துக்குப் பெண்களே கை தட்டினார்கள். அப்பா மட்டும் தட்டவில்லை, தூங்கியிருப்பார். நீ பக்கத்தில் இருந்திருந்தால் தியேட்டர் என்றும் பார்க்காமல் சண்டைக்கு வந்திருப்பாய். பன்னிரண்டு வயதிலேயே கேட்டவள்தானே, இதையெல்லாம் கூசாமல் எப்படிம்மா பேசுகிறாய் என்று. குரலைத்தான் வாடகைக்கு விட்டிருக்கிறேன், மூளையை இல்லை என்று அன்றைக்குச் சொன்னேன். இன்றைக்கும் அதே பதில்தான்.

சாப்பாடு ஆறிப்போயிருந்தது என்று மாப்பிள்ளை தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனதாகப் போனில் சொன்னாய். கல்யாணமாகி நாலு மாதம்தானே ஆகிறது. புது ஊர், புது வேலை, அவருக்கும் ஆபீசில் ஆயிரம் தொல்லை இருக்கும். நீயும் பதிலுக்குப் பதில் பேசிக்கொண்டு நிற்காதே. உன் வாய் எனக்குத் தெரியாதா என்ன. கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போனால் உன் தலையிலிருந்து கிரீடம் ஒன்றும் இறங்கிவிடாது.

மாப்பிள்ளையோடு மனம் ஒத்து நீண்ட நாள் வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,
அம்மா


அக்டோபர் 3

என் செல்ல வாயாடிக்கு,

நேற்று நீ பாதியிலேயே போனை வைத்துவிட்டாய். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. எனக்கும் ரோஷம் உண்டு, அதனால் மூன்று வருடத்துக்கு அப்புறம் மறுபடியும் காகிதத்தை எடுத்திருக்கிறேன். இதை இரண்டு பேருமாக உட்கார்ந்து படியுங்கள். மாப்பிள்ளையிடம் மறைக்கிற மாதிரி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை.

முதலில் வீட்டுச் சமாசாரம். அப்பாவுக்கு முழங்கால் வலி. மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு பெருமூச்சு விடுகிறார். பின்னணிக்குப் பதிவு பண்ணி வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு நேர்த்தி. மேல் மாடியில் வக்கீலம்மா ஒருத்தி குடிவந்திருக்கிறாள். தனியாக இருக்கிறாள், கலகலப்பானவள், காலையில் பாட்டை மட்டும் சத்தமாக வைத்துவிடுகிறாள்.

எனக்கு இப்போது அழுகை குறைந்துவிட்டது. காலம் மாறிவிட்டது, வாயாடி. நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது கதாநாயகி என்றால் காலில் விழ வேண்டும், விளக்கை அணைத்துவிட்டுத் தலையணையில் முகம் புதைக்க வேண்டும். அப்புறம் வந்தவள் திமிர் பிடித்தவள், படம் முடிவதற்குள் அவளை அடக்கியாக வேண்டும். இப்போது வருகிறவள் அரை லூசு. டாக்டருக்குப் படித்தவளாம், ஆனால் நாய்க்குட்டியைப் பார்த்தால் குதித்துக் குதித்துக் கை தட்டுகிறாள். நாற்பத்தெட்டு வயதில் நான் மைக் முன்னால் நின்று, "ஐ, குட்டி நாய்" என்று ஏழு வயதுக் குழந்தை மாதிரி கொஞ்ச வேண்டியிருக்கிறது. சவுண்ட் இன்ஜினியர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். இதற்கு அழுகையே தேவலை. அழுகிறவளுக்காவது ஏதோ ஒரு கஷ்டம் இருந்தது.

இனி உன் விஷயம். "அம்மா, அவர் நேத்து கை நீட்டிட்டார்" என்று நீ சொன்னதும் ஒரு கணம் எனக்குத் திக்கென்றுதான் இருந்தது. ஆனால் நீ சொன்ன விதம் இருக்கிறதே, கடையில் துவரம் பருப்பு தீர்ந்துபோச்சு என்று சொல்கிற மாதிரி. குரலில் ஒரு நடுக்கம் இல்லை, மூச்சு உடையவில்லை, மூக்கு அடைக்கவில்லை. கால் நூற்றாண்டாக அடி வாங்கியவளுக்குக் குரல் கொடுக்கிறேன். அடி வாங்கியவள் எப்படிப் பேசுவாள் என்று எனக்கா தெரியாது? வாக்குவாதத்தில் கையைத் தட்டிவிட்டிருப்பார், நீ அதை ஊதிப் பெரிசாக்குகிறாய். என்னிடமே நடிக்கிறாயா என்று கேட்டேன், அதற்குத்தான் போனை வைத்துவிட்டாய். கேட்டது தப்பா?

நீ உண்மையாகவே அழுதிருந்தால் அடுத்த விமானத்தில் வந்திருப்பேன். அப்பா வேறு, அவள் குரல் சரியில்லை, நான் பேசுகிறேன், நம்பரைப் போடு என்று ராத்திரிச் சாப்பாடு முழுவதும் நச்சரித்தார். குரலைப் பற்றி எனக்கு நீங்கள் சொல்லித் தர வேண்டாம் என்று வாயை அடைத்துவிட்டேன். அவர் ஒரு நாளும் என்மேல் கை ஓங்கியதில்லை. சத்தம் போட்டதுகூட இல்லை. அதனால் சின்ன விஷயத்துக்கெல்லாம் பயந்துவிடுகிறார்.

மாப்பிள்ளை, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம், ஒரே பெண் என்று நாங்கள் செல்லம் கொடுத்துவிட்டோம். நீங்கள்தான் பொறுத்துப் போக வேண்டும்.

இரண்டு பேரும் சண்டை சச்சரவு இல்லாமல் சந்தோஷமாக இருக்க வாழ்த்தும்,
அம்மா


மார்ச் 21

என் மகளுக்கு,

இந்தக் கடிதம் வீட்டுக்கு வராமல் நீ வேலை செய்யும் பல் ஆஸ்பத்திரிக்கு வருகிறதே என்று ஆச்சரியப்படாதே. அப்பா போனபோது நாலு நாள் வந்திருந்தாயே, அப்போது உங்கள் ஆஸ்பத்திரியின் மருந்துச் சீட்டு ஒன்றில் கடைக்கு வாங்க வேண்டியதை எழுதி என்னிடம் கொடுத்தாய். அதை ஏனோ தூக்கிப் போட மனம் வரவில்லை. மேலே முகவரியும் போன் நம்பரும் அச்சாகியிருக்கின்றன. இதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடு. வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகாதே.

அப்பா இல்லாமல் ஒரு வருடம் ஆகப்போகிறது. நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்கும் போகிறேன். என்னைப் பற்றி அவ்வளவுதான் எழுத இருக்கிறது.

போன மாதம் ஒரு படத்துக்குக் கூப்பிட்டார்கள். இயக்குநர் ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும். இப்போதெல்லாம் இப்படிப் படங்கள் வருகின்றன. பெண் வேலைக்குப் போகிறாள், கார் ஓட்டுகிறாள், பிடிக்கவில்லை என்றால் பெட்டியைக் கட்டுகிறாள். பெரும்பாலும் நடிக்கிற பெண்களே சொந்தக் குரலில் பேசிவிடுகிறார்கள், என்னை மாதிரி ஆட்களுக்கு வேலை குறைச்சல். இந்தப் படத்தில் கதாநாயகியின் அம்மாவாக நடித்தவருக்கு நம் மொழி வராது, அதனால் அவருக்கு நான் பேச வேண்டும். ஒரே ஒரு காட்சிதான் பெரிது. வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் போன் பண்ணுகிறாள், புருஷன் அடித்துவிட்டான் என்று சொல்கிறாள். கேட்டுக்கொண்டிருக்கிற அம்மா, "நீ கிளம்பி வா" என்கிறாள். மூன்று வார்த்தை.

மகளாக நடித்த பெண்ணின் குரலை ஒலிக்கவிட்டார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. என்னம்மா இது, பொண்ணு பேப்பர் படிக்கிற மாதிரி படிக்கிறாளே, உணர்ச்சியே இல்லையே, ஒரு விம்மல்கூட இல்லாமல் ஜனங்கள் எப்படி நம்புவார்கள் என்று இயக்குநரிடம் கேட்டேன். வேண்டுமானால் அதையும் நானே பேசித் தருகிறேன், தியேட்டரே அழும் என்று பெருமையாகச் சொன்னேன். அந்தப் பெண் என்னைக் கோபிக்கவில்லை. கதை எழுதுவதற்கு முன்னால் அடிபட்ட பெண்கள் இருபது பேரிடம் உட்கார்ந்து பேசியிருக்கிறாளாம். ஒருத்தி கூட அதைச் சொல்லும்போது அழவில்லையாம்.

"அழுது முடிச்ச அப்புறம்தான் போன் பண்ணுவாங்க அக்கா. அழுதா சொல்ல வந்ததைச் சொல்ல முடியாதே" என்றாள்.

ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள் என்று மறுபடியும் ஒலிக்கவிட்டாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினேன். அது நீ. அந்த வறண்ட குரல் நீ. "நேத்து" என்பதற்கு முன்னால் எச்சில் விழுங்கினாயே, அந்த இடம்கூட அப்படியே இருந்தது. அன்றைக்கு அதைக் கேட்டேன், எனக்கு ஞாபகம் இருக்கிறது, கேட்டுவிட்டு வாய் உலர்ந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒரு வாக்கியத்தைச் சொல்ல எவ்வளவு நேரம் உன்னைத் தயார்பண்ணிக்கொண்டாயோ. எத்தனை தடவை நம்பரைப் போட்டுப் போட்டு வைத்தாயோ. நான் உன்னைப் பார்த்து நடிக்கிறாயா என்று கேட்டேன்.

அடி என்பது எனக்கு மைக்குக்கு முன்னால் மட்டும்தான் தெரியும், கண்ணு. அப்பா புண்ணியத்தில் வீட்டில் அதைப் பார்த்ததே இல்லை. ஆம்பளைகள் எழுதிக் கொடுத்த அழுகையை நான் அழுதேன், அதற்குக் கை தட்டினார்கள், அதுதான் நிஜம் என்று நானே நம்பிவிட்டேன். குரலை மட்டும் வாடகைக்கு விட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். காதும் போயிருக்கிறது, புத்தியும் போயிருக்கிறது. பெற்ற பெண் வாயைத் திறந்து சொன்னபோது, இவள் சரியாக அழவில்லை என்று அவளுக்கு மார்க் போட்டேன்.

அதோடு விட்டேனா? இரண்டு பேருமாக உட்கார்ந்து படியுங்கள் என்று ஒரு கடிதம் வேறு எழுதினேன். நீ என்னிடம் சொன்னதை உன் வீட்டு முகவரிக்கே, அவர் கையில் கிடைக்கிற மாதிரி எழுதி அனுப்பினேன். உன் பெயரில் வரும் தபாலை யார் பிரிப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கடிதம் வந்த அன்றைக்கு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று உன்னைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அதற்கப்புறம் ஐந்து வருடமாக நீ போனில் எனக்குச் சொன்னது, நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், அவரும் நல்லா இருக்கார். அவ்வளவுதான். வாயாடி வாயாடி என்று கூப்பிட்டவளுக்கு, மகள் வாய் மூடிப்போனது தெரியவில்லை. குடும்பப் பொறுப்பு வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டில் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

அப்பா காரியத்துக்கு நீ வந்திருந்தபோது சமையலறையில் என் கையிலிருந்து பாத்திர மூடி நழுவி விழுந்தது. நீ அப்படியே குனிந்து இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாய். வாசலில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். எங்க வீட்டுப் பெண் இன்னும் பயந்தாங்கொள்ளிதான் என்று நான் சிரித்தேன், அவரும் சேர்ந்து சிரித்தார். அந்த நாலு நாளும் நம்மை ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் தனியாக விடவில்லை என்று இப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். அப்பா கடைசியில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, அவள் சிரிக்கிற சத்தம் கேட்டு எத்தனை நாளாச்சு என்று என்னைக் கேட்டார். தூங்குங்கள் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு டப்பிங்கும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. அவருக்குக் கேட்டிருக்கிறது.

அந்த மூன்று வார்த்தை எனக்கு வரவில்லை. பதினோரு டேக் போயிற்று. "நீ" என்று ஆரம்பித்ததும் அழுதுவிட்டேன். அழுகாச்சி அக்கா பிரமாதமாக அழுகிறார் என்று நினைத்து இன்ஜினியர் பதிவு பண்ணிக்கொண்டே இருந்தார். இயக்குநர் பெண்தான் கதவைத் திறந்து உள்ளே வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். உங்களுக்குப் பெண் இருக்கிறாளா அக்கா என்று கேட்டாள். இருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். பன்னிரண்டாவது டேக்கில் பேசிவிட்டேன். நன்றாக வந்ததாம். யாருக்கு வேண்டும் அது. சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்ல வேண்டியவளுக்குச் சொல்லவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் உனக்குப் போன் செய்தேன். மாப்பிள்ளை எடுத்தார், குளிக்கிறாள் என்றார். மறுநாள் தூங்குகிறாள் என்றார். அப்புறம் கடைக்குப் போயிருக்கிறாள். மூன்று வாரம் உன் குரலையே கேட்க முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை கொடுத்தார், நீ ஹலோ என்றாய், பின்னால் டிவி சத்தம் நின்றுபோயிற்று. நாம் பேசுவதைக் கேட்பதற்காக யாரோ டிவியை நிறுத்தினார்கள் என்று புரிந்தது. மழை பெய்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாய். வைத்துவிட்டேன்.

இனி நான் சொல்கிறதைக் கவனமாகப் படி. மேல் மாடி வக்கீலம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ வாழும் ஊரில் இந்த மாதிரிப் பெண்களுக்கு உதவுகிற ஒரு அலுவலகம் இருக்கிறது, அதன் நம்பரைத் தனிச் சீட்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். உன் பாஸ்போர்ட்டை அவர் வைத்திருந்தால் அதற்கும் வழி இருக்கிறதாம், பயப்படாதே. ஏப்ரல் மாதம் முதல் புதன்கிழமை, உங்கள் ஊர் நேரப்படி மதியம் ஒரு மணிக்கு உங்கள் ஆஸ்பத்திரி நம்பருக்கு நான் போன் செய்வேன். யார் எடுத்தாலும் உறவுக்காரி என்று சொல்லி உன்னைக் கேட்பேன். நீ ஒன்றும் விளக்கிச் சொல்ல வேண்டாம். அழ வேண்டாம், நிரூபிக்க வேண்டாம். வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அந்த ஒரு வார்த்தையும் வரவில்லை என்றால் அதற்கு அடுத்த வாரம் நான் அங்கே வந்து நிற்பேன். விசா வந்துவிட்டது.

நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று யோசிக்காதே. நாலு பேரோடு உட்கார்ந்துதான் நானும் அந்தத் தியேட்டரில் படம் பார்த்தேன். அவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், அது இனி எனக்கு வேண்டாம்.

மன்னித்துவிடு என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. மன்னிப்புக் கேட்கிற வசனம் ஆயிரம் பேசியிருக்கிறேன், அது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். நீ என்னை மன்னிக்க வேண்டாம். வந்து என்மேல் கோபமாக இரு. என் முகத்தைப் பார்க்காதே, நான் போடுகிற சோற்றைச் சாப்பிடாதே, என்னோடு ஒரு வார்த்தை பேசாதே. பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வருடக் கணக்காகக் கோபமாக இரு. அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ உயிரோடு இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு வாழ்த்து எதுவும் வாயில் வராத,
அம்மா